ஐந்து பேருக்கு மூன்று தலை!
(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்புச் சகோதரர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

அமெரிக்கா ஜனநாயகத்தின் தாயகம் என்கிறார்களே, அதன் பழைய கணக்கேட்டைக் கொஞ்சம் புரட்டுவோம். 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில் ஒரு கணக்கு. மக்கள் தொகைக்கேற்ப சபையில் இடம். அந்தத் தொகையில் ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்படுவர். அடிமைக்கு ஓட்டு உண்டா? இல்லை! அவனை எண்ணிக் கிடைக்கும் கூடுதல் இடம் அவனைச் சங்கிலியில் கட்டியவனுக்கு! கல்லாவில் பணம் ஒருவனுடையது, சாவி இன்னொருவனிடம் என்றால் வியாபாரிகளே, நீங்கள் ஒப்புவீர்களா?

ஆகவேதான் புதிய நிலம் சேரும்போதெல்லாம் சண்டை. 1820இல் மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்க்க வழிவிட்டு, சரிக்குச் சரியாக மெயினைச் சுதந்திர மாநிலமாகச் சேர்த்தார்கள். அந்தப் பரப்பில் மிசௌரி நீங்கலாக, 36 பாகை 30 கலைக் கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்றார்கள். தராசு சமமாம்! தராசில் வைக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அந்தக் கோட்டையும் அழித்தார். கன்சாஸ், நெப்ராஸ்கா மக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும் என்றார். கேட்க இனிக்கிறது. மசோதா கீழ்ச்சபையில் 113க்கு 100 என்று நிறைவேறியது. மறு ஆண்டு மார்ச்சில் கன்சாஸில் தேர்தல். வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த ஓட்டு 6,307! மிசௌரியிலிருந்து துப்பாக்கியோடு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். அப்படி அமைந்த சபை என்ன சட்டம் போட்டது தெரியுமா? அடிமை வைத்துக்கொள்ள இங்கே உரிமையில்லை என்று பேசினாலே இரண்டாண்டுக்குக் குறையாத கடுங்காவல்!

1856இல் இதை எதிர்த்துப் பேசிய சார்லஸ் சம்னரை செனட் மண்டபத்துக்குள்ளேயே கைத்தடியால் மண்டையில் அடித்து வீழ்த்தினார், கீழ்ச்சபை உறுப்பினர் ஒருவர்.

'இதெல்லாம் நமக்கெதற்கு?' என்று கேட்கும் தம்பிமார்களே! அந்த அடிமைகளில் குர்ஆன் ஓதியவர்கள் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா தோரோவைச் சேர்ந்த ஆலிம் உமர் இப்னு சயீத் 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். பின்னர் வடகரோலினாவில் அடிமையாக இருந்தபடி 1831இல் தன் வரலாற்றை அரபியில் எழுதினார். தொடக்கத்தில் அவர் எழுதிவைத்தது சூரத்துல் முல்க். ஆட்சி யார் கையில் என்று சொல்லும் அத்தியாயம்! அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தம் வருமுன்னே, அடிமையாகவே மவ்த்தானார். வடகரோலினாவுக்கு இடம் ஒதுக்க எண்ணிய தலைகளில் அவர் தலையும் ஒன்று.