கைதட்டல் ஆற்றாத காயம்



நினைவுரை மேடையில் ஒரு ஜப்பானிய அனிமேயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் இரவெல்லாம் பார்க்கும் கதை அவர்கள் மனத்தில் எதைத் தொடுகிறது என்று கேட்பதும் இலக்கிய அமைப்பின் வேலைதான். அதனால் இன்று ‘நருட்டோ’வை எடுத்துக்கொள்கிறோம். மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வரைந்த படக்கதை இது. அனிமேவாக இரண்டு தொடர்களில் 720 பகுதிகள் வந்தன.

நருட்டோ பிறந்த நாளில் ஒன்பது வால் நரி ஒன்று ஊரைத் தாக்குகிறது. ஊர்த்தலைவரான அவன் தந்தை அந்த நரியைப் பச்சைக்குழந்தையின் உடலுக்குள் அடைத்துவிட்டு இறந்துபோகிறார். அந்தக் குழந்தையால் ஊர் பிழைத்தது. ஊரோ அந்தக் குழந்தையையே நரியாகப் பார்த்தது. இந்த இரகசியத்தைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று சட்டமும் போட்டார்கள். பேச்சுக்குத்தான் தடை இருந்தது, பார்வைக்கு இல்லை. பெரியவர்கள் அவனை ஒதுக்குவதைப் பார்த்து, காரணம் தெரியாமலே பிள்ளைகளும் ஒதுக்கினார்கள். விலக்கம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டியதில்லை.

அவனைப் போலவே உடலுக்குள் ஒரு பூதத்தைச் சுமப்பவன், மணல் ஊரின் காரா. அவனைக் கொல்ல ஆளனுப்பியவர் பெற்ற தந்தையே. இனித் தன்னை மட்டுமே நேசிப்பது என்று முடிவெடுத்து, நெற்றியில் ‘அன்பு’ என்ற எழுத்தைப் பொறித்துக்கொள்கிறான். பிறரைக் கொல்லும்போதுதான் தான் உயிரோடு இருப்பதாக உணர்கிறான். இதைத் தன்னேற்பு என்று நாம் சொல்ல முடியாது. ஊர் தனக்குக் கொடுத்த வெறுப்பை அவன் அப்படியே ஊருக்குத் திருப்பித் தருகிறான், அவ்வளவுதான்.

நருட்டோவின் வழி வேறு. தன்னை ஊர் மதிக்க வேண்டும், தலைவனாக ஏற்க வேண்டும் என்பதுதான் சிறுவயது முதல் அவன் கனவு. ஒருநாள் ஊரையே தரைமட்டமாக்கிய எதிரியை வெல்கிறான். அன்று ஊரே அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது. சாதாரணக் கதையாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கிஷிமோட்டோ அதற்குப் பிறகுதான் அவனை உண்மையின் அருவி என்ற இடத்துக்கு அனுப்புகிறார். அந்த அருவியின் முன் கண்மூடி உட்காருபவருக்கு அவருடைய உள்ளுருவம் எதிரே வந்து நிற்கும்.

அவன் முன் வந்து நிற்பது கறுத்த கண்களுடன் இன்னொரு நருட்டோ. நேற்றுவரை துரத்தியவர்கள் இன்று கைதட்டுகிறார்கள், அதை எப்படி நம்புகிறாய் என்று கேட்கிறது அந்த உருவம். இருவரும் மோதுகிறார்கள், யாரும் வெல்லவில்லை. தன்னைத் தானே அடித்து யார்தான் வெல்ல முடியும்? இரண்டாம் முறை போகும்போது நருட்டோ அந்த உருவத்தைக் கட்டியணைத்துக்கொள்கிறான். நீயும் நான்தான், இனி நான் என்னை நம்பப்போகிறேன் என்கிறான். உருவம் கரைந்துபோகிறது.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். ஊரின் அங்கீகாரம் முதலில் வந்துவிட்டது. காயம் ஆறவில்லை. ஒதுக்கியவர்களின் கைதட்டலால் ஆறக்கூடிய காயம் அல்ல அது. தன் கோபத்துக்கும் நியாயம் உண்டு என்று அவனே ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆறத் தொடங்குகிறது.

அதுவும் போதவில்லை. அடுத்து நரியின் வெறுப்பு அவனை விழுங்க வரும்போது, இறந்துபோன தாய் குஷினா அவன் மனத்துக்குள் தோன்றுகிறாள். அவளும் ஒருகாலத்தில் அந்த நரியைச் சுமந்தவள். ‘தக்காளி’ என்று பிள்ளைகள் கேலி செய்த தன் சிவந்த தலைமுடியை வெறுத்தவள், பின்னர் அதையே விரும்பியவள். அவன் எப்படிப் பிறந்தான், பெற்றோர் எப்படி இறந்தார்கள் என்று சொல்கிறாள். தன் வரலாறு தெரியாதவன் தன்னை எப்படி முழுதாக ஏற்பான்?

தீண்டாமையை மனத்தில் வைத்து கிஷிமோட்டோ இதை வரைந்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜப்பானிலும் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. தோல், இறைச்சித் தொழில்களோடு சேர்த்து இழிவுபடுத்தப்பட்ட புராக்கு மக்கள் அவர்கள். 1871இல் அரசாணை அந்த இழிபெயர்களை நீக்கியது, இழிவை நீக்கவில்லை. 1906இல் ஷிமாசாகி தோசோன் எழுதிய ‘ஹகாய்’ நாவலில் புராக்கு ஆசிரியர் ஒருவர், பிறப்பை மறைத்து வாழும்படி தந்தை இட்ட கட்டளையை மீறி உண்மையைச் சொல்கிறார். ஆனால் மாணவர்கள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்கிறார். குற்றம் செய்தது யார், மன்னிப்புக் கேட்டது யார்?

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1922 மார்ச் 3 அன்று, கியோட்டோவில் புராக்கு மக்கள் சூய்ஹெய்ஷா என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். ‘எதா’ என்று ஊர் திட்டிய அதே பெயரைச் சொல்லி, அப்படிப் பிறந்ததற்காகப் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இரக்கம் காட்ட வந்த இயக்கங்கள் தங்களைத் தாழ்த்தவே செய்தன என்றும் சொன்னார்கள். மண்டியிட்ட ஆசிரியர் எழுந்து நின்ற நாள் அதுதான். 1893இலேயே ‘பறையன்’ என்ற பெயரில் இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனின் வழிவந்த நமக்கு இந்தத் துணிவு புதிதல்ல.

இந்த இடத்தில் கதையோடு நமக்கு ஒரு வழக்கும் உண்டு. நருட்டோ கடைசியில் ஊர்த்தலைவன் ஆகிறான். ஆனால் ஒரு குழந்தையைப் பன்னிரண்டு ஆண்டுகள் தனியே தவிக்கவிட்டதற்கு ஊர் கணக்குக் கொடுக்கவே இல்லை. ஊரைக் காப்பாற்றியதால்தான் அவனுக்கு மதிப்பு வந்தது. காப்பாற்றும் வலிமை இல்லாத குழந்தைக்கு அந்த ஊரில் என்ன இடம்? சாதனை செய்தால்தான் மனிதர் என்ற நிபந்தனையை நாம் ஏற்க முடியாது. தன்னேற்பு, ஊரை விசாரணையிலிருந்து விடுவிக்கும் ரசீது ஆகிவிடக் கூடாது.

மாணவ நண்பர்களே, விடுதி அறையில், நேர்முகத் தேர்வில், புது நட்பில், ‘நீங்க எந்த ஊர், எந்தத் தெரு?’ என்ற கேள்வி வரும்போது உங்களுக்குள்ளும் ஓர் உருவம் எழுந்து நிற்கும். மறைத்துவிடு என்று சொல்லும், அல்லது எரித்துவிடு என்று சொல்லும். அதை அடித்து விரட்ட வேண்டாம். இத்தனை நாள் உங்களைக் காத்து நின்றது அதுவும்தான். அதை அருகில் உட்காரவைத்து, பாட்டனும் பாட்டியும் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காகப் போராடினார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். அப்படி எழுதிய பக்கங்களோடு இந்த அமைப்புக்கு வாருங்கள். ஊரிடம் கேட்க வேண்டிய கணக்கை நாம் சேர்ந்தே கேட்போம்.