வாச்சாத்தியும் கைப்பேசியும்



1992 ஜூன் 20-ஆம் நாள் நம் மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்து, மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்களைக் கெடுத்தனர். அன்று கைப்பேசி ஏது? மலைவாழ் மக்கள் சங்கத்தார் நேரில் சென்று விசாரித்த பிறகே வெளியுலகம் அறிந்தது.

2020 மே 25-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்திக் கொன்றதை, 17 வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியில் படமெடுத்தாள். மறுநாளே மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டே கொன்றவருக்குத் தண்டனை.

இளைஞர்களே, அநீதியைக் கண்டால் படமெடுங்கள். நாளும் இடமும் குறித்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். (சாதிப் பகை மூட்டும் பொய்களும் அதே கைப்பேசியில்தானே வருகின்றன!)

படம் ஏதுமின்றி, சாட்சி சொல்லியே வாச்சாத்தி மக்கள் 19 ஆண்டுகள் போராடினர். 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.