முன் சில்லின் சாய்வு



1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பிறகு, குடாநாட்டு வீதிகளில் விடாமல் ஓடியவை பழைய ஆங்கிலக் கார்கள்தான். ஒஸ்டின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மணமக்களையும் அவைதான் சுமந்தன. அந்த எஞ்சின்களின் பெருமையைப் பலரும் பேசியிருக்கிறார்கள். அத்தனை பாரத்தையும் குண்டும் குழியுமான தெருக்களில் தாங்கிய முன் சில்லுகளைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போது பேசவேண்டிய தேவை வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பலர் பழைய காரையே திருத்தி வைத்துக்கொள்கிறார்கள். கராஜுகளில் இளம்பிள்ளைகள், சில்லின் சாய்வை, அதாவது கேம்பரை, மாற்றும் 'கேம்பர் பிளேற்' பூட்டலாமா என்றும் கேட்கிறார்கள்.

காருக்கு நேர்முன்னே நின்று முன் சில்லைப் பாருங்கள். மேல்விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் அது நேர்க் கேம்பர். உட்பக்கம் சாய்ந்திருந்தால் எதிர்க் கேம்பர். பழைய கார்களுக்கு வெளிச்சாய்வு கொஞ்சம் கொடுத்தே செய்தார்கள். அக்காலத் தெருக்கள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. அத்துடன், கைப்பலத்தால் மட்டும் திருப்பவேண்டிய ஸ்ரெயறிங் அந்தச் சாய்வில் இலகுவாகத் திரும்பும். உட்சாய்வு பந்தயக்காரருக்கு வேண்டியது. வளைவில் கார் வெளிப்பக்கம் சரியும்போது வெளிச்சில்லின் ரயர் முழு அகலத்துக்கும் தரையைப் பற்ற அது உதவும். நுவரெலியா மககஸ்தொட்டவில் மலையேற்றப் பந்தயம் ஓடுபவருக்கு இரண்டு மூன்று பாகை உட்சாய்வு பயன் தரலாம். மலையில்லாத எங்கள் குடாநாட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வரும் காருக்கு அது ரயரின் உள்விளிம்பைத் தின்னும் வேலையைத்தான் செய்யும்.

கேம்பர் பிளேற் எந்தக் காருக்குப் பொருந்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒரே தண்டாக நின்று, அந்தத் தண்டின் தலை பொனற்றுக்குக் கீழே உடலோடு பூட்டப்பட்டிருக்கும் அமைப்புக்கு மக்பேர்சன் ஸ்ரட் என்று பெயர். போர்ட் நிறுவனப் பொறியியலாளர் ஏர்ல் மக்பேர்சனின் பெயரால் வந்தது. 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த போர்ட் கொன்சல், செபிர் கார்களில் அது இருந்தது. 1966இல் வந்த முதல் கொரோலாவிலும் இருந்தது. பின்னாளில் இங்கே நிறைய ஓடிய டட்சன் சணி பி-310 போன்றவற்றிலும் அதுவேதான். இவற்றில் தண்டின் தலையிலுள்ள றப்பர் தாங்கியைக் கழற்றிவிட்டு, நீள்துளையும் உருண்டைப் பெயரிங்கும் உள்ள உலோகத் தட்டைப் பூட்டலாம். தலையை உள்ளே நகர்த்தினால் உட்சாய்வு. வெளியே நகர்த்தினால் வெளிச்சாய்வு.

மொறிஸ் மைனரில் இதற்கு இடமே இல்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரில் ஸ்பிரிங் சுருளுக்குப் பதிலாக, முறுக்கத்தால் பாரம் தாங்கும் நீண்ட இரும்புத் தண்டு இருக்கிறது. மேல்கையாக நிற்பது நெம்புகோல் சொக்கின் கை. ஆகவே மைனரின் சில்லு கம்பனி கொடுத்ததைவிடக் கூடுதலாகச் சாய்ந்து தெரிந்தால் ஏதோ தேய்ந்துவிட்டது அல்லது வளைந்துவிட்டது என்பதே பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது கீழ் ட்ரனியனை. சில்லைத் தாங்கும் நிலைக்குத்துத் தண்டின் கீழ்முனை மரை வெட்டப்பட்டு அதற்குள் சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால், ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து கார் குந்திவிடும். அக்காலக் கையேடுகள் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொன்னது இதனால்தான்.

ஸ்ரட் கார் வைத்திருப்பவர்களும் தட்டு வாங்குமுன் பொனற்றைத் திறந்து, தண்டின் தலை பூட்டியிருக்கும் தகரக் கோபுரத்தைப் பார்க்கவேண்டும். கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் போய்வரும் கார்களுக்கு இரண்டு பக்கமும் உப்புக்காற்று. சேறு அப்பிய சில்லுக்கூட்டுக்குள் அந்த உப்பும் ஈரமும் தங்கி, வெளியே தெரியாமல் தகரத்தை அரிக்கும். சிறிய ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் வெல்டிங்காரரிடம் போகவேண்டுமே தவிர, தட்டைப் பூட்டக்கூடாது. அந்தப் பக்கத்து முன்பாரம் அந்தக் கோபுரத்தில்தான் நிற்கப்போகிறது. தட்டு கூடுதலாக நகரட்டும் என்று கோபுரத்தின் துளையை வெட்டிப் பெருப்பிப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

பூட்டும் வேலையில் ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் அமுக்கியால் சுருளை நன்றாக இறுக்கி அடக்கும்வரை, தண்டின் நடுநட்டைத் தொடக்கூடாது. காருக்கு வெளியே எடுத்த ஸ்ரட்டிலும் சுருள் அமுங்கியேதான் இருக்கிறது. நட் கழன்றால் அது பாய்ந்து ஆளைக் கொல்லக்கூடியது. ஸ்ரட்டை இறக்கும்போது பிறேக் குழாய் இழுபடாமல் பார்க்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது பழைய நடுநட்டுக்குப் பதிலாகப் புதிய நட் போடவேண்டும். றப்பர் போய் உலோகம் வந்துவிட்டதால் தெருவின் ஒவ்வொரு சத்தமும் காருக்குள் கேட்கும். தூசும் உப்பும் பட்டு அந்தப் பெயரிங் சீக்கிரம் ஆட்டம் காணும். இந்தக் குறைகளை விற்பவர் சொல்லமாட்டார்.

அளக்க எங்கள் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதரையில் காரை நிறுத்தி, ஸ்ரெயறிங்கை நேராக்கி, நூலைச் சில்லுக்குச் சற்று வெளியே தொங்கவிடுங்கள். நூலிலிருந்து றிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்து கழித்துப் பாருங்கள். 13 அங்குல றிம்மில் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை. ரயரில் அளந்தால் பிழைக்கும், அதன் அடி பாரத்தில் பிதுங்கியிருக்கும். வீதியில் ஓடும் காருக்குக் கம்பனி சொன்ன அளவே நல்லது. மீறினாலும் ஒரு பாகை உட்சாய்வுக்கு மேல் போகவேண்டாம். கேம்பரை மாற்றினால் முன் சில்லுகள் ஒன்றையொன்று நோக்கும் கோணமும் மாறிவிடும். அதனால் அன்றைக்கே வீல் எலைன்மென்ற் செய்யாமல் தூரம் ஓடக்கூடாது. கேம்பரைவிட அந்தக் கோணம் பிழைத்தால்தான் ரயர் விரைவாகத் தேயும்.

என் முடிவு இது: வளைந்த உடலால் அளவு தப்பிய ஸ்ரட் காரை நேராக்கக் கேம்பர் பிளேற் உதவும். தேய்ந்த புஷ்ஷையும் ஆடும் மூட்டையும் மறைக்க அதைப் பூட்டுவது தவறு. அவற்றை முதலில் மாற்றுங்கள். பல கார்களில் சாய்வு அதோடு சரியாகிவிடும். மொறிஸ் வைத்திருக்கும் நேயர்கள் இந்த வாரமே முன்பக்கத்தை உயர்த்தி, சில்லில் பாரமில்லாமல் ட்ரனியன்களுக்குக் கிறீஸ் அடியுங்கள். எந்தக் காரானாலும் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகள் இரண்டு வைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.