எலி வளையானாலும் தனி வளை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர். சுற்றிலும் பாலைவனம். இலையுதிர் காலத்தில் வடக்கே குளிர் தொடங்கியதும், படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய வீட்டு வாகனங்கள் இங்கே வந்து சேருகின்றன. அரசு நிலத்தில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். கட்டணம் செலுத்தினால், அதற்கென ஒதுக்கிய இடங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். மின் இணைப்பு கிடையாது. இரவில் அமைதிதான் துணை.

பலருக்கு இது உல்லாசப் பயணம். ஆனால், 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வாடகை கட்ட முடியாமல் வாகனத்தையே வீடாக்கிக்கொண்ட முதியவர்களும் அங்கே உண்டு. அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-இல் நூல் எழுதினார். அதைத் தழுவிய ‘நோமேட்லேண்ட்’ திரைப்படம், 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

சுங்கை ஆயர் தாவாரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை எதற்கு? தோட்டத்தில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தாலும், தோட்டம் கைமாறினாலும் வீடு போய்விடும். அமெரிக்க முதியவருக்குச் சக்கரமாவது இருந்தது. காலமெல்லாம் பால்மரம் சீவியவருக்குக் கையில் ஒரு பெட்டிதான் மிச்சம்.

இன்றைய பிள்ளைகள் வேலை கிடைத்ததும் புதுக் காருக்கு முன்பணம் கட்டுகிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம் என்பதை முதலில் விசாரிக்கட்டும். ஊர் சுற்றுவது சுகம்தான். திரும்பி வர ஒரு வாசற்படி இருந்தால்!