மகளைப் படிக்க அனுப்பிய முதலாளி



டி.வி. சுந்தரம் ஐயங்காரைப் பற்றி மதுரையில் நின்று பேசுவது எளிதான காரியம் இல்லை. டி.வி.எஸ். என்ற அந்த மூன்று எழுத்துகள் இந்த ஊரில் ஒரு நகருக்குப் பெயர், பள்ளிக்கூடத்துக்குப் பெயர். "மாப்பிள்ளைக்கு டி.வி.எஸ்.ல வேலை" என்று தரகர் சொன்னால் பெண்வீட்டார் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலருடைய கல்யாணமே அப்படி நடந்திருக்கும்!

அவருடைய கம்பெனிகளின் பட்டியலை வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு பெண்ணுக்கு அப்பா என்ற முறையில் அவரை நினைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்த அப்பாவிடம் போய்ச் சேர, முதலில் நாம் அவருடைய பஸ்ஸில் ஏறித்தான் ஆக வேண்டும்.

1877 மார்ச் 22-ஆம் தேதி, திருக்குறுங்குடியில் பிறந்தவர். நம்பி கோயில் கொண்ட ஊர், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. வக்கீல் தொழில் பார்த்தார், ரயில்வேயில் இருந்தார், வங்கியில் இருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வாழ்க்கை. அதை விட்டுவிட்டு 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். 1912-ல் பஸ் விட்டார்.

ஐயா, 1912 என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான நம் ஜனங்களுக்கு ஊர்விட்டு ஊர் போக மாட்டு வண்டியும் நடையும்தான். மோட்டார் என்பது துரைமாரும் ஜமீன்தார்களும் வைத்துக்கொள்ளும் பொருள். அதில் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆக்கியதே ஒரு புரட்சி. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, அந்த பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது என்பதை. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நேரம் வைத்ததாக இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து கழன்று ரோட்டில் கிடக்கும் ஆணி டயரைக் குத்தி வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, காந்தம் வைத்து ஆணி பொறுக்க ஏற்பாடு செய்திருந்தார் என்றும் சொல்வார்கள்.

இன்னும் நாலு டிக்கெட் சேரட்டும் என்று வண்டியை நிறுத்தி வைப்பது அன்றும் இன்றும் நம் ஊரில் சாதாரணம். வராத ஆளுக்காக, வந்து உட்கார்ந்திருக்கிற ஆளைக் காக்க வைக்கிறோம். கையில் காசைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு விவசாயியின் நேரத்துக்கும் மரியாதை உண்டு என்று ஒரு முதலாளி நினைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு யுத்தம் முடியட்டும் என்று இருந்துவிடலாம். அவர் கரியில் பஸ்ஸை ஓட்டினார். வண்டியில் உயரமாக ஓர் உருளை பொருத்தியிருக்கும். உள்ளே அடுப்புக்கரி, குறைந்த காற்றில் கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுவை வடிகட்டி, குளிரவைத்து, இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். விடிவதற்கு முன்பே ஆள் வந்து நெருப்பு மூட்டிக் காற்றடித்தால்தான் வண்டி நேரத்துக்குக் கிளம்பும். மேட்டில் ஏறும்போது இழுவை குறையும், வடிகட்டியில் சாம்பல் அடைக்கும், ஆள் முகமெல்லாம் கரியாகும். ஆனாலும் வண்டி ஓடியது. அந்தக் கரிவாயுக் கருவியை டி.வி.எஸ். தானே தயாரித்தது.

ஒரு வழி அடைபட்டால் அங்கேயே உட்கார்ந்து விதியை நோகாமல், வேறு வழி எங்கே என்று தேடும் மனம் அது. இந்தக் குணம் தொழிலில் இருந்தால் கெட்டிக்காரர் என்கிறோம். இதே குணம் ஒருவருக்கு வீட்டுக்குள்ளும் இருந்தால் என்ன நடக்கும்? அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

அவருடைய மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறுமியாக இருந்தபோதே கல்யாணம் செய்து வைத்தார்கள். செய்து வைத்தவர் இதே அப்பாதான், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை சௌந்தரராஜன், இளம் டாக்டர். ஊரில் பிளேக் பரவியது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கே நோய் தொற்றியது. 1925-ல் அவர் இறந்துபோனார். சௌந்தரத்துக்கு அப்போது இருபத்தொரு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

தாய்மார்களே, ஓர் ஆசாரமான ஐயங்கார் வீட்டில், 1925-ல், கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தலைமுடி போகும், பூவும் பொட்டும் போகும், ஒருவேளைச் சாப்பாடு, பின்கட்டில் ஓர் இருட்டறை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எதிரில் வராதே என்பார்கள். பணக்கார வீடு என்றால் அந்த இருட்டறை கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாக்களுக்குப் பாசம் இல்லாமலா அப்படிச் செய்தார்கள்? பாசம் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதுவிட்டு இருட்டறையில் உட்கார வைத்தார்கள்.

ஆனால் சுந்தரம் ஐயங்காரும் அவர் மனைவி லட்சுமி அம்மாளும் மகளைப் படிக்க அனுப்பினார்கள். அதுவும் எங்கே? டெல்லியில் உள்ள லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு. கணவரின் உயிரைக் கொண்டுபோன அதே வைத்தியத் தொழிலுக்கு. நாலு வீதியிலும் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில், "விதவைப் பெண்ணை வடக்கே தனியாக அனுப்புகிறார்களாமே" என்ற பேச்சு எழாமலா இருந்திருக்கும்? பஸ் தொழில் செய்பவருக்கு ஊரார் வாய் எவ்வளவு முக்கியம் என்பதும் வணிகப் பெருமக்களாகிய உங்களுக்குத் தெரியும். 1936-ல் சௌந்தரம் டாக்டரானார். கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அப்பாக்கள் மிகச் சிலர் இருந்தார்கள். குழந்தை விதவையான சகோதரி சுப்பலட்சுமியை அவர் தந்தை சுப்பிரமணிய ஐயர் படிக்க வைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்குப் புதுக்கோட்டையில் ஒரு நாராயணசாமி ஐயர் அப்பாவாகக் கிடைத்தார். அந்தச் சிலரோடு நம் சுந்தரம் ஐயங்காரையும் சேர்த்து எண்ண வேண்டும். பஸ் முதலாளி என்ற பெயர் பெரிதாகிப் போனதால், இந்தப் பெருமை அவருக்கு முழுதாகச் சேரவில்லை என்பது என் வருத்தம்.

கதை அதோடு முடியவில்லை. டெல்லியில் படித்த காலத்தில் சௌந்தரத்துக்குத் தோழியாக இருந்தவர் சுசீலா நய்யார். அந்தத் தொடர்பில் காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தார். கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். மறுமணம், வேறு சாதி, வேறு மொழி. வீட்டில் இசைவு கிடைக்கவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் சொன்னார். அதன் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் தானே நடத்தி வைப்பதாகச் சொன்னார். மனம் மாறவில்லை. 1940 நவம்பர் 7-ஆம் தேதி, காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் முன்னிருக்கத் திருமணம் நடந்தது.

இங்கே சிலர் கேட்கலாம், "சம்மதிக்காத அப்பாவையா இவ்வளவு புகழ்கிறாய்?" என்று. புகழ்கிறேன், ஐயா! தான் இசையாத ஒரு முடிவைக்கூட எடுக்கிற திராணியை மகளுக்குக் கொடுத்தவர் யார்? படிப்பைக் கொடுத்தவர் அவர்தானே. சொந்தக் காலில் நிற்கும் தொழிலைக் கையில் கொடுத்த பிறகு, அந்தக் கால் எந்தப் பக்கம் நடக்கும் என்று யாரும் கட்டளையிட முடியாது. தனக்குப் பிடித்த பக்கம் மட்டுமே நடக்கும் பிள்ளையை வளர்ப்பது சுலபம். அவர் வளர்த்தது மனிதரை.

அந்த மகள் என்ன செய்தார்? 1947-ல் சின்னாளப்பட்டிக்கு வந்தார். சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன நெசவாளர் ஊர். இரண்டே அறை கொண்ட மருத்துவமனை. அந்த விதையிலிருந்து காந்திகிராமம் வளர்ந்தது. கஸ்தூரிபா மருத்துவமனை வந்தது, 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். திண்டுக்கல் போகும் வழியில் சிறுமலை அடிவாரத்தில் அதைக் கடந்து போகாத மதுரைக்காரர் யார்? சட்டமன்றத்துக்குப் போனார், நாடாளுமன்றத்துக்குப் போனார், மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சரானார். 1962-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

அதையெல்லாம் முழுதாகப் பார்க்க அப்பா இல்லை. 1955 ஏப்ரல் 28-ஆம் தேதி கொடைக்கானலில் அவர் காலமானார். மகன்கள் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என ஆளுக்கொரு பக்கம் தொழிலை விரித்தார்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-லேயே தொடங்கிவிட்டது, சுந்தரம் கிளேட்டன் 1962-ல் வந்தது. முதலில் ஓடிய பஸ்களோ 1972-ல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. அவர் விட்ட வண்டி குடும்பத்தின் கையை விட்டுப் போனது. மகளுக்குக் கொடுத்த படிப்பின் பலனை மட்டும் காந்திகிராம ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளின் பேரன் பேத்திகள் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

வணிகப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். கணவனை இழந்தும், கைவிடப்பட்டும், இருபது இருபத்தைந்து வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்கள் நம் மதுரையில் இன்றும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். விட்ட படிப்பைத் தொடர வேண்டும், நர்ஸிங் படிக்க வேண்டும், ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இருக்கிறது. கட்டணம் கட்ட வழியில்லை. உங்கள் கடையிலேயே அப்படி ஒரு பெண் இருப்பாள். அவள் படிப்பு முடியும்வரை கட்டணத்தையும், வேலைக்கு வராத நாட்களின் சம்பளத்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் பெண்ணின் செலவை நான் ஏற்கிறேன். இந்த மேடையின் இடப்பக்கம் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அதில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் பேச வந்தேன். உங்கள் பெயரும், நீங்கள் படிக்க வைக்கப் போகும் பெண்ணின் பெயரும் அதில் ஏறட்டும்.