உள்நோக்கின் காணும் தடை: செயற்பாட்டுப் பெருக்கியும் தமிழ்ச் சொல்லும்



இலக்கணத்தோடும் அகராதிகளோடும் வாழ்நாளைக் கழித்த ஒருவர் மின்சுற்றைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நமக்கும் அது வியப்பே. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் நம் பெயர்த்தி ஒரு நாள் மாலை உணவு மேசையில் ஒரு சுற்றுப் பலகையை வைத்துவிட்டுக் கேட்ட வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

அவள் கட்டியது ஒரு பெருக்கிச் சுற்று. 741 என்னும் சில்லு. 1 கிலோ ஓம் தடையம் ஒன்று. 100 கிலோ ஓம் தடையம் ஒன்று. பாடநூலின்படி உள்ளீடு 100 மடங்காக வெளிவர வேண்டும். அவளிடமிருந்த உணரி 10 மில்லி வோல்ட் தந்தது. ஆகவே 1 வோல்ட் கிடைத்திருக்க வேண்டும், கிடைத்ததோ 0.09 வோல்ட். சில்லு பழுது என்று கருதி, ஜாலான் புசாரின் முனையிலுள்ள சிம் லிம் டவருக்குச் சென்று வேறொன்று வாங்கி மாற்றினாள். மீண்டும் அதே 0.09. "உள்ளீட்டுத் தடைதான் காரணம்னு சொல்றாங்க தாத்தா. ஆனா அந்தத் தடை எந்தக் கால்ல இருக்கு? நான் அதை வாங்கவே இல்லையே!" என்றாள்.

இது மின்னியல் வினாவா, மொழி வினாவா? இரண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் பெயரை நோக்குவோம். 'ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபையர்' என்பதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செயல்பாட்டுப் பெருக்கி' என்கின்றன. இலங்கையில் 'செயற்பாட்டு விரியலாக்கி' என்பர். இரண்டிலும் 'செயற்பாடு' என்னும் முற்பகுதி மாணவரைச் சற்றுத் திசைதிருப்புகிறது. எந்தக் கருவிதான் செயற்படுவதில்லை? ஜான் ரகஸினியும் அவருடைய துணைவர்களும் 1947-இல் வெளியிட்ட கட்டுரையே ஆங்கிலப் பெயரை நிலைநாட்டியது. அங்கே 'ஆப்பரேஷன்' என்பது கூட்டல், தொகையிடல் போன்ற கணிதச் செயலைக் குறித்தது. அக்காலத்து ஒப்புமைக் கணினிகளில் அச்செயல்களை நிகழ்த்தவே இப்பெருக்கி பயன்பட்டது. 'கணிதச் செயற் பெருக்கி' என்று தொடக்கத்திலேயே வைத்திருக்கலாம். வழக்கூன்றிய சொல்லை இனி அசைப்பது வீண் வேலை.

'கெயின்' என்பதற்குத் தமிழகம் 'பெருக்கம்' என்கிறது. இலங்கை 'நயம்' என்கிறது. நயம் என்பதற்கு இலாபம், நன்மை என்னும் பொருள்கள் பழையவை. தேக்காச் சந்தையில் 'நயமான விலை' என்று இன்றும் கேட்கிறோம். உள்ளீடு, வெளியீடு என்பவற்றுக்கு இலங்கையார் ஆளும் 'பெய்ப்பு', 'பயப்பு' என்னும் இணை நம் நெஞ்சைக் கவர்ந்தது. பெய்வது பெய்ப்பு, பயப்பது பயப்பு. இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆயினும் சங்க இலக்கியம் பயிலும் மாணவர் பயப்பு என்றதும் தலைவியின் பசலையை நினைப்பார் என்ற அச்சமும் உண்டு! சிங்கப்பூரில் உள்ளீடு, வெளியீடு என்பனவே பழகிவிட்டன. இங்கு அவற்றையே ஆள்வோம்.

இனி அந்தச் சில்லு. 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்தது 741. அந்த நிறுவனமும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியனவும் 1960களின் இறுதியில் சிங்கப்பூரில் சில்லுகளைப் பொருத்தும் தொழிற்சாலைகளை நிறுவின. சிங்கப்பூர் இப்பொருளுக்கு அயலூர் அன்று என்பதற்காக இதனைக் கூறினோம்.

சில்லின் தரவுத்தாளில் மூன்று எண்கள் உள்ளன. பின்னூட்டம் இல்லாதபோது பெருக்கம் ஏறத்தாழ 2,00,000. உள்ளீட்டுத் தடை 2 மெகா ஓம். வெளியீட்டுத் தடை 75 ஓம். இவை சில்லுக்கு உரியவை. நாம் கட்டும் சுற்றுக்கு உரிய மூன்று எண்களும் வேறு. மாணவர் இடறும் முதற்படி இதுவே.

பெயர்த்தியின் சுற்று புரட்டும் பெருக்கி. அதில் சில்லின் நேருள்ளீடு தரையோடு இணைந்துள்ளது. வெளியீடு 1 வோல்ட் என்றால், இரண்டு உள்ளீட்டு முனைகளுக்கும் இடையே இருக்க வேண்டிய வேறுபாடு அதில் 2,00,000-இல் ஒரு பங்கு. அதாவது 5 மைக்ரோ வோல்ட். எனவே புரட்டும் முனை தரையைத் தொடாமலேயே தரை போல நடந்துகொள்கிறது. 1 கிலோ ஓம் தடையத்தின் ஒரு முனையில் உணரி, மறுமுனையில் இந்தப் போலித் தரை. உணரியின் பக்கம் நின்று பார்த்தால் தெரிவது 1 கிலோ ஓம் மட்டுமே. சில்லின் 2 மெகா ஓம் கண்ணிலேயே படாது. உணரிக்கோ 10 கிலோ ஓம் அகத்தடை இருந்தது. அந்த 10-உம் இந்த 1-உம் தொடராக நின்று, 100-ஐ 11-ஆல் வகுத்த 9 மடங்கையே தந்தன. ஆக, அவள் அந்தத் தடையைச் சிம் லிம் டவரில் காசு கொடுத்து வாங்கித்தான் இருக்கிறாள்!

அதே தடையங்களை வைத்துப் புரட்டாப் பெருக்கியாக மாற்றினால் என்ன ஆகும்? வெளியீட்டில் 101-இல் ஒரு பங்கு புரட்டும் முனைக்குத் திரும்புகிறது. 2,00,000-ஐ 101-ஆல் வகுத்தால் 1980. ஒன்றைக் கூட்டினால் 1981. இந்த ஓர் எண் மூன்று வேலைகளைச் செய்கிறது. 2,00,000 மடங்குப் பெருக்கத்தை 1981-ஆல் வகுத்துச் சுற்றின் பெருக்கத்தை ஏறத்தாழ 100.95 ஆக்குகிறது. உள்ளீட்டு வோல்ட்டில் 1981-இல் ஒரு பங்கே சில்லின் இரு முனைகளுக்கிடையே விழுவதால், மின்னோட்டமும் அத்தனை மடங்கு குறைகிறது. ஆகவே 2 மெகா ஓம் தடை ஏறத்தாழ 4,000 மெகா ஓமாகத் தோன்றுகிறது. நடைமுறையில் வேறு கசிவுகள் இதனைக் குறைக்கும். குறைந்தாலும் 10 கிலோ ஓம் உணரிக்கு அது மலையே. வெளியீட்டுப் பக்கத்தில் நாம் வோல்ட்டைச் சிறிது இழுத்தால் சில்லு அதனை எதிர்த்துச் சரிசெய்கிறது. எனவே 75 ஓம் 1981-ஆல் வகுபட்டு 0.04 ஓமுக்கும் குறைவாகிறது.

சில்லின் பெருக்கம் சரிபாதியாகி 1,00,000 ஆனால், சுற்றின் பெருக்கம் 100.95-இலிருந்து 100.90-க்கு இறங்கும், அவ்வளவே. கையிலுள்ள பெருக்கத்தில் பெரும்பகுதியை இழந்து நிலைபேற்றைப் பெறலாம் என்னும் இவ்வெண்ணம், 1927 ஆகஸ்ட் 2 காலையில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த ஹாரல்ட் பிளாக் என்னும் பொறியாளருக்குத் தோன்றியது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அவர் அதனைக் குறித்துக்கொண்டார்.

ஓர் எச்சரிக்கை. வெளியீட்டுத் தடை 0.04 ஓம் என்பதால் 8 ஓம் ஒலிபெருக்கியை இச்சில்லு நேரே இயக்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 25 மில்லி ஆம்பியர் அளவோடு அதன் வலிமை தீர்ந்துவிடும். அன்றியும் அந்த 0.04 மெதுவாக மாறும் குறிகைகளுக்கே பொருந்தும். 1 கிலோ ஹெர்ட்ஸில் சில்லின் பெருக்கம் ஏறத்தாழ 1,000-க்கு விழுந்துவிடுவதால், தடையும் ஏழெட்டு ஓமாக ஏறிவிடுகிறது. கையில் கொள்ளும் பொருளாயின் தடை இவ்வாறு ஏறி இறங்குமா?

இங்கேதான் மொழியியலாளர் வாய் திறக்க வேண்டியுள்ளது. 'உள்ளீட்டுத் தடை' என்பது பெயர்த்தொகை. தொகை, பொருளை இறுக்கிக் கட்டி, ஒரு தடை அங்கே இருப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஆங்கிலத் தொடரிலும் இதே குறை உண்டு. ஆனால் ஆங்கிலப் பொறியாளர் வாய்மொழியாக 'உள்ளே பார்த்தால் தெரிவது' என்னும் பொருள்பட ஒரு வினையைச் சேர்த்துக்கொள்வர். தமிழில் கலைச்சொல்லைத் தந்த நாம், அந்த வினையைத் தரவில்லை. 'உணரியின் பக்கமிருந்து உள்நோக்கின் காணும் தடை' என்று தொகையை விரித்துச் சொன்னதும், 'யார் பார்க்கிறார்? எங்கிருந்து?' என்னும் வினாக்கள் தாமே எழுகின்றன. உரையாசிரியர்கள் தொகைச்சொல்லை விரித்துப் பொருள் காட்டியதும் இதனாலேயே. அவர்கள் நூலுக்குத் தடையும் விடையும் எழுதியவர்கள்; 'தடை' என்னும் சொல் நமக்கு அங்கிருந்தே பழக்கம்.

உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்படும்வரை, தமிழில் அறிவியல் பயின்று தேர்வெழுதிய மாணவர் இந்நகரில் இருந்தனர். இன்று அவர் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் பீட்டி சாலையில் உள்ளது. அங்கே கற்பிக்கப்படுவது மொழிப்பாடம். இயற்பியலைத் தமிழில் மீண்டும் கற்பிக்க வேண்டும் என்று நாம் வாதிட வரவில்லை, அது நடவாது. ஆனால் ஆசிரியர்களே, மாணவரின் உரையாடற் பயிற்சிக்குத் திருவிழாவும் உணவுமே பொருளாக அமைந்தால், எண்ணிப் பார்த்து வாதிடும் வேலைக்குத் தமிழ் உரியதன்று என்று அவர் தாமே முடிவு கட்டிவிடுவார். நம் பெயர்த்தி அவ்வாறு முடிவு கட்டியிருந்தாள். 'இதெல்லாம் தமிழ்ல வராது தாத்தா' என்றே தொடங்கினாள்.

அன்றிரவு கம்பிகளை இடம் மாற்றிப் புரட்டாப் பெருக்கியாக்கினோம். அளவி 1.01 காட்டியது. பிறகு தடையங்கள் இரண்டையும் நீக்கி, வெளியீட்டை நேரே புரட்டும் முனையோடு இணைத்தாள், பெருக்கம் 1. "பெருக்காத பெருக்கி எதுக்குத் தாத்தா?" என்று நாம் கேட்க வேண்டியதை அவளே கேட்டு, நாம் வாய் திறப்பதற்குள், "இந்தப் பக்கமிருந்து பார்த்தா பெரிய தடை, அந்தப் பக்கமிருந்து பார்த்தா தடையே இல்ல" என்று விடையையும் அவளே சொன்னாள்.