சூணாம்பேட்டுக்கு வந்த வேன்
(வேடந்தாங்கலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் உடல்நலம் பற்றிப் பேசுப்பா" என்று செயலாளர் உத்தரவு. நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல்காரன். தப்பிருந்தால் டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் ஏரிக்கரையில் நாரை பார்த்தோம். இங்கிருந்து தெற்கே போனால் சூணாம்பேடு. 2006-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் அந்த வட்டாரத்தின் 42 கிராமங்களில் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் 27,014 பேரில் 23,380 பேருக்குப் பரிசோதனை! நம் சங்கத்தில் சந்தா வசூல்கூட இந்த அளவுக்கு நடந்ததில்லை. எப்படி முடிந்தது? உள்ளூர்க்காரர்களையே வேலைக்கு வைத்தார்கள். வேனை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கண்ணின் விழித்திரையை வேனிலேயே படமெடுத்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஜனங்களுக்கு பஸ் செலவும் மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம். சர்க்கரை இருந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே சென்னை வரை போக வேண்டியிருந்தது.

வயல் வேலை செய்கிறவனுக்கு சர்க்கரை ஏது என்போம். 1,138 பேருக்கு இருந்தது. என் கண்ணில் பட்டது அடுத்த எண்: எல்லைக்கோட்டில் நின்றவர்கள் 3,410 பேர். மூன்று மடங்கு! நம் பாஷையில், டாலரன்ஸ் ஓரத்தில் ஓடும் ஜாப். இப்போது பிடித்தால் செட்டிங்கை மாற்றிக் காப்பாற்றலாம்.

காப்பாற்ற முடியும் என்பதற்கும் நம் ஊர்க் கணக்கு உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டபோது மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். நடையையும் சாப்பாட்டையும் சரி செய்தவர்களில் 39 பேர்தான். மாயமில்லை, பதினாறு பேர் தப்பினார்கள்.

நமக்கு வேன் வேண்டாம், கம்பெனியே வருஷா வருஷம் ரத்தம் எடுக்கிறது. ரிப்போர்ட்தான் டிராயரில் தூங்குகிறது. எங்கள் செட்டில் ஒருவன் இன்று வரவில்லை. 38 வயதில் பைபாஸ். சர்க்கரை இருப்பதே ஆபரேஷனுக்கு முதல் நாள்தான் அவனுக்குத் தெரியும். ஹாஸ்டலில் நம் எல்லோரையும் விட வேகமாக ஓடியவன்.

பந்திக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறது. சாப்பிட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு விரலை நீட்டுங்கள். ஜாங்கிரி ஓடிப் போகாது.